ரோமாபுரித் துறைமுகத்தில் சம்பந்தியம்மாவுடன் ஒரு நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், சிட்னியில் குளிர் மெல்லத் தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை. செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டுக் குசினி மேசையில் நானும் என் சம்பந்தியம்மாவும் எதிரெதிரே இருந்து, ரோமாபுரியில் ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். மேசையில் ஹரிஸ் பார்க்கில் வாங்கிய மிக்சர், தேத்தண்ணி, என் கைபேசி. அவர் கேள்வி கேட்கக் கேட்க, நான் கைபேசியைப் பார்த்து உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். நான் யாழ்ப்பாணத்துக்காரி. தொண்ணூறுகளில் அகதியாக வந்து, இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். என் ஒரே மகள், தன்னோடு படித்த பையனை விரும்பிக் கட்டினாள். மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் கரூர். அவருடைய அம்மா அங்கே பெண்கள் பள்ளியில் சரித்திர ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் தவறிய பிறகு மகனோடு வந்து இருக்கிறார்.

எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. நெருக்கமும் இல்லை. நான் "கொஞ்சம் கதைப்பம், வாங்கோ" என்றால், "என்ன கதை சொல்லப் போறீங்க?" என்று கேட்பார். நான் கதிரை என்றால் அவர் நாற்காலி என்பார். பகிடிக்குத்தான் சொல்கிறாரா, திருத்துகிறாரா என்று எனக்கு விளங்காது. டீச்சர் அல்லவா, எல்லாரும் அவருக்கு மாணவிகள்தான் என்று என் கணவரிடம் சொல்லிப் புறுபுறுப்பேன்.

மாப்பிள்ளைக்கு அலுவலக வேலையாக ஒரு வாரம் ரோம் போக வேண்டியிருந்தது. மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவளும் போக ஆசைப்பட்டாள். டாக்டரும் சரி என்றார். தனியாக ஹோட்டலில் இருப்பாளே என்று துணைக்கு நாங்கள் இரண்டு தாய்மாரும் போவதாக ஏற்பாடு. ஆனால் பிள்ளை பிறக்க முதல் அவர்கள் இருவருக்கும் என்று ஒரு முழு நாளாவது கிடைக்கட்டும் என்று எனக்கு இருந்தது. மாப்பிள்ளைக்கு வேலை இல்லாத அந்த ஒரு நாளில் நாங்கள் இருவரும் எங்கேயாவது தொலைந்து போய்விடுவது நல்லது. நான் இதைச் சொன்னபோது சம்பந்தியம்மா முதல் தடவையாக என் யோசனை ஒன்றை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்.

எங்கே போவது என்பதில்தான் இழுபறி. எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயிக்குப் போகலாம் என்று நான் சொன்னேன். என் வேலையிடத்தில் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். அவர் தலையாட்டவில்லை.

"அது ரொம்ப தூரம் சம்பந்தி. போயிட்டு வரவே பாதி நாள் போயிடும். ஒஸ்டியாவுக்குப் போவோம். ரோமாபுரியோட பழைய துறைமுகம். ரயில்ல அரை மணி நேரம்தான்."

ஏன் அந்த இடம் என்று கேட்டேன். கரூரில் அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்ததைப் பற்றிச் சொன்னார். நம் மிளகுக்காகக் கடல் தாண்டி வந்த யவனர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு வருடாவருடம் பாடம் எடுத்திருக்கிறார். "அவங்க ஊரை ஒரு தடவையாவது பாத்துடணும்னு இருக்கு" என்றார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமைகள் எல்லாம் ஒஸ்டியாதான். எந்த நிலையத்தில் ஏறுவது, இறங்கி எவ்வளவு தூரம் நடப்பது, உள்ளே எதை முதலில் பார்ப்பது. எல்லாவற்றையும் நான்தான் வாசிக்க வேண்டும். "அந்த வரியை இன்னொரு தடவை படிங்க" என்பார். வரைபடத்தைக் காட்டினால் பார்க்க மாட்டார். "நீங்களே சொல்லுங்க, வலது பக்கமா இடது பக்கமா?" என்பார். படிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று திரும்பத் திரும்பக் கேட்டார். முழங்கால் வலியாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இரவு வேலை முடித்துவந்த ஒரு நாள், நித்திரைக் கலக்கத்தில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"நீங்களும் ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்" என்று கைபேசியை அவர் பக்கம் தள்ளினேன்.

"கண்ணாடி எடுத்துட்டு வரல. நீங்க படிச்சாத்தான் நல்லா இருக்கு" என்று அதை அப்படியே திருப்பித் தள்ளிவிட்டார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வேலைக்காரி மாதிரி நினைக்கிறாவே என்றிருந்தது.

ரோமில் அந்த நாளும் வந்தது. மகள் படுக்கையில் இருந்தபடியே கையசைத்து, "என்ஜாய் அம்மா" என்றாள். நான் எலுமிச்சைச் சாதம் கட்டி எடுத்திருந்தேன். ஹோட்டல் அறையில் மாப்பிள்ளையின் சின்ன ரைஸ் குக்கரில் சமைத்தது. இரண்டு பேரும் ரயில் ஏறி, ஒஸ்டியாவில் இறங்கி, பெருந்தெருவுக்கு மேலாகப் போகும் நடைபாலத்தில் ஏறினோம். அங்கேதான் சம்பந்தியம்மா என் கையைப் பிடித்தார். அதற்கு முன் அவர் என் கையைப் பிடித்ததே இல்லை. மகளின் கலியாணத்தில்கூட தூர நின்றுதான் கும்பிட்டவர். எனக்கு என்னவோ போல இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. அந்நிய ஊர் வந்ததும் மனுசி இளகிவிட்டா என்று நினைத்தேன்.

உள்ளே போனால், ஒரு முழு நகரம் கூரை இல்லாமல் நிற்கிறது. கறுப்புக் கல் பதித்த நீளமான தெரு, இரண்டு பக்கமும் செங்கல் சுவர்கள், குடை விரித்தது போல உயரமான பைன் மரங்கள். அவர் நடந்துகொண்டே பாடம் எடுத்தார். இங்கே தானியக் கிடங்குகள் இருந்திருக்கும், இந்தப் பக்கம் ஆறு ஓடியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் வாசித்துக் காட்டிய ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம். எனக்கு ஒன்றும் நினைவில்லை. வாசித்தது நான், படித்தது அவர்.

நாடக அரங்குக்குப் பின்னால் ஒரு பெரிய சதுக்கம். கப்பல் வணிகர்களின் கந்தோர்கள், அதாவது அலுவலக அறைகள், வரிசையாக இருந்த இடம். ஒவ்வொரு வாசலிலும் தரையில் கறுப்பு வெள்ளைச் சிறுகற்களால் படம் பதித்திருக்கிறார்கள். பாய்மரக் கப்பல், கப்பலுக்கு வழிகாட்டும் வெளிச்சவீடு, மீன்கள். ஒரு கப்பல் படத்துக்கு நேர் முன்னால் நின்றுகொண்டு அவர் கேட்டார்:

"கப்பல் எங்க இருக்கு சம்பந்தி?"

என்னைச் சோதிக்கிறா என்று நினைத்தேன். "உங்கட காலடியிலதான்" என்றேன் கொஞ்சம் எரிச்சலோடு. அவர் குனிந்து பார்த்து, "ஆமாமா, அழகா இருக்கு" என்றார். அவர் பார்த்த இடத்தில் வெறும் புல்தான் இருந்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது. எத்தனையோ வருடமாக வயதானவர்களின் கண்ணையும் காதையும் நடையையும் கவனிப்பதுதான் என் தொழில்.

அரங்கின் மேல் படியில் ஏறிப் பார்த்தால் சதுக்கம் முழுதும் தெரியும் என்று சொல்லி நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மெல்ல மெல்ல ஏறினார். மேலே கொஞ்ச நேரம் இருந்தோம். வெயில் சுளீரென்று அடித்தது. இறங்கும்போது படம் எடுக்கலாம் என்று நான் அவர் கையை விட்டுவிட்டு, பையில் கைபேசியைத் தேடினேன். அவர் தானாக இறங்க ஆரம்பித்துவிட்டார். படிவரிசை முடிகிற பக்கத்தில் ஒரு கறுத்த நிழல் விழுந்திருந்தது. அதற்கு அப்பால் தரையே இல்லை. கீழே நல்ல பள்ளம். அவர் அந்த நிழலை அடுத்த படி என்று நினைத்துக் காலை நீட்டினார்.

நான் எப்படிப் பாய்ந்தேன் என்று தெரியாது. அவருடைய புடவைத் தலைப்பும் தோளும் ஒன்றாகக் கையில் அகப்பட்டன. பின்னால் இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் தொப்பென்று கல்லில் விழுந்தோம். என் முழங்கை உரசிக் கிழிந்தது. தண்ணீர்ப் போத்தல் ஒவ்வொரு படியாக உருண்டு கடைசி வரை சத்தம் போட்டுக்கொண்டு போனது. கீழே நின்ற ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அதை எடுத்துவந்து தந்துவிட்டுப் போனாள்.

அவருடைய புடவைத் தலைப்பை இன்னும் விடாமல் பிடித்திருந்தேன். பிறகு நான் மெதுவாகக் கேட்டேன்.

"உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?"

அவர் முன்னால் பார்த்துக்கொண்டே இருந்தார். "இடது கண்ணுல ஒண்ணுமே தெரியல. வலது கண்ணுல புகை மாதிரி இருக்கு. வெயில்ல அதுவும் போயிடுது."

"எவ்வளவு நாளா?"

"சிட்னி வந்ததுல இருந்தே கொஞ்சம் கொஞ்சமா."

"மகனுக்குத் தெரியுமோ?"

இல்லை என்று தலையசைத்தார். அவருடைய அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் இருந்ததாம். கடைசிக் காலம் முழுக்கச் சுவரைத் தடவித்தான் நடந்தாராம். "எனக்கும் அதுதான்னு தெரியும் சம்பந்தி. டாக்டர் வாயால கேக்கத் தைரியம் இல்ல. மாசமா இருக்கிற பொண்ணு வீட்டுல நானும் ஒரு நோயாளியா உக்காரக் கூடாதுன்னு இருந்துட்டேன். முழுசாப் போறதுக்குள்ள இதை ஒரு தடவை பாத்துட்டா போதும்னு நெனச்சேன்."

அப்படியே அவரைக் கட்டிப்பிடித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இன்னும் நாலு மாதத்தில் என் மகளின் பிள்ளையை இந்தக் கையில்தானே கொடுக்கப் போகிறோம். அவர்கள் இருப்பது மாடிப்படி உள்ள வீடு.

"பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்படி விழுந்திருந்தா?" என்று கேட்டேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். சத்தமே இல்லாத அழுகை. "அதை நெனச்சு நெனச்சுத்தான் ராத்திரி தூக்கம் வராது. ஆனா சொல்லிட்டா குழந்தையைத் தொடவே விடமாட்டாங்களே. நீங்க சொல்லிடாதீங்க."

எனக்குக் கோபம் அடங்கிவிட்டது. எங்கள் குசினி மேசையில் ஒவ்வொரு சனிக்கிழமையும் இந்த மனுசி எவ்வளவு பயத்தோடு இருந்திருக்கிறா. அதைப் போய் நான் அதிகாரம் என்று நினைத்திருக்கிறேன்.

"நான் சொல்ல மாட்டன். நீங்கள்தான் சொல்லப் போறியள்" என்றேன். "டாக்டரிட்ட நான் கூட வாறன். அவர் என்ன சொன்னாலும் ரெண்டு பேருமா கேப்பம். பிள்ளையை நீங்கள் மடியில வச்சிருக்கேக்க நான் பக்கத்தில இருப்பன். யார் தடுக்கினம் எண்டு பாப்பம்."

அவர் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

அப்படியே ரயிலேறித் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர் சம்மதிக்கவில்லை. இவ்வளவு தூரம் வந்து பாதியில் போவதா என்று கேட்டார். அதனால் மறுபடி சதுக்கத்துக்கு வந்து, நான் பார்த்ததைச் சொல்லத் தொடங்கினேன். கப்பல் என்று சொன்னால் அவருக்குப் போதாது. எத்தனை பாய்மரம், துடுப்பு இருக்கிறதா, அலையை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்பார். நான் குனிந்து, சில இடத்தில் மண்டியிட்டுப் பார்த்துச் சொன்னேன். ஒரு வாசலில் யானை இருந்தது.

"யானையா? தந்தம் இருக்கா பாருங்க" என்று அவசரப்படுத்தினார்.

"இருக்கு. ஆனா கால் கொஞ்சம் கட்டையாப் போச்சு. கீறினவன் யானையைக் கண்டிருக்க மாட்டான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பழைய உணவுக்கடை ஒன்றில் கல்லால் கட்டிய மேடை அப்படியே இருக்கிறது. அதன் அருகே மரநிழலில் இருந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டோம். உப்புக் கூடிவிட்டது என்று திருத்தினார். ஓம், கூடித்தான் போச்சு என்றேன். திட்டமிட்ட ரயிலையும் அதற்கடுத்ததையும் விட்டுவிட்டு, வாசலை மூடுகிற நேரத்துக்குத்தான் வெளியே வந்தோம்.

ரோமில் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த நாட்கள் எனக்கு லேசாக இருக்கவில்லை. அவர் படியில் கால் வைக்கும்போதெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்வேன். சிட்னிக்கு வந்து சில நாட்களில் மாப்பிள்ளை எனக்குப் போன் எடுத்தார். "அத்தை, அம்மா எல்லாம் சொல்லிட்டாங்க" என்றவர் உடனே போனை மகளிடம் கொடுத்துவிட்டார்.

கண் டாக்டரிடம் நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். அவர் பயந்தது பாதி சரி. இடது கண்ணில் அழுத்த நோய் முற்றி, போன பார்வை இனித் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். வலது கண்ணில் அழுத்தம் தொடங்கியிருந்தாலும், புகை போலத் தெரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் கண்புரை. சத்திரசிகிச்சை செய்யலாம், சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். இன்னும் கொஞ்சக் காலம் விட்டிருந்தால் இதுவும் போயிருக்கும் என்றார். டாக்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, அவர் என் விரல்களை நெரித்துக்கொண்டே இருந்தார்.

சத்திரசிகிச்சை முடிந்து கட்டு அவிழ்த்த அன்று என்னை நிமிர்ந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு இவ்வளவு நரையா சம்பந்தி? சாயம் அடிங்க" என்றார். நர்ஸ் என்னவென்று கேட்டாள். மொழிபெயர்க்க என்னால் முடியவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

பேத்தி பிறந்தபோது அவர் சோபாவில் இருந்தபடி மடியில் வாங்கினார். நான் பக்கத்தில் இருந்தேன். யாரும் தடுக்கவில்லை.

இப்போதும் அவர் என்னைத் திருத்துகிறார். நானும் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் வீட்டிலோ வேலையிடத்திலோ யாராவது என்னைச் சும்மா ஏவுவது போலத் தோன்றினால், முன்பு போலச் சட்டென்று முகம் சுளிக்க எனக்கு வருவதில்லை. வாய் திறந்து கேட்கத் தயங்கும் எதையோ இவர் இப்படிக் கேட்கிறாரோ என்று ஒரு நிமிடம் அந்த ஆளின் முகத்தைப் பார்க்கிறேன்.