காலையில் அரிசி வேண்டாம்

என் வீட்டுக்காரருக்குச் சீனி வியாதி என்று தெரிந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. டவுன் டாக்டரின் கம்பவுண்டர், நீல மருந்து ஊற்றிய கண்ணாடிக் குழாயில் அவருடைய சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சீனி ரொம்ப ஏறியிருந்தால்தான் அந்த நிறம் வருமாம். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு இவருடைய வலது காலைப் பார்த்தார். கட்டைவிரலில் முள் குத்திய புண் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்தது. திண்டுக்கல் பேகம்பூரில் எங்களுக்குத் தோல் மண்டி. பச்சை ஆட்டுத்தோலை உப்புப் போட்டு அடுக்கியிருக்கும் தரையில் வெறுங்காலோடுதான் நடப்பார். செருப்புப் போடுங்கள் என்றால் கேட்கிற ஆளா அவர்?

"காலையில அரிசிய நிறுத்துங்க பாய். இட்லி, ஆப்பம், இடியாப்பம் எதுவும் கூடாது. சீனி ஆகவே ஆகாது. இல்லாட்டி இந்தக் காலு நிக்காது" என்றார் டாக்டர். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஓட்ஸ் கெடைச்சா ஓட்ஸ் குடுங்கம்மா. கோதுமையோ கம்போ எதுன்னாலும் சரி. ஆனா அவரு சாப்புடுற மாதிரி பண்ணிக் குடுங்க. அது ஒங்க கையிலதான் இருக்கு" என்றார்.

என் கையில் இருக்கிறதாம். வாய் அவருடையது, பழி மட்டும் என் கைக்கு.

எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு வியாபாரத்தில் பாதி. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் வியாபாரிகள் விடியற்கால ரயிலில் இறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். முன்கூடத்தில் பாய் விரித்து, நடுவில் பெரிய தட்டு வைத்து, இடியாப்பமும் கால் பாயாவும் தேங்காய்ப்பாலும் சீனியும் பரிமாற வேண்டும். தின்று கைகழுவிய பிறகுதான் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அது அறுபதுகளின் நடுவில் அரிசித் தட்டுப்பாடு வந்த சமயம் வேறு. ஊரே கோதுமைக்கும் சோளத்துக்கும் வரிசையில் நின்றபோது, காலையில் அரிசிப் பலகாரம் போடுகிற வீடு என்றால் அதற்குத் தனி மரியாதை இருந்தது. அந்த வீட்டுத் தலைவருக்குத்தான் அரிசி கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நான் தேட ஆரம்பித்தேன். கொடைரோடு ஸ்டேஷன் பக்கத்தில், மலைக்குப் போகிற வெள்ளைக்காரர்களுக்குச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. அங்கே ஆளனுப்பி ஒரு டின் ஓட்ஸ் வாங்கினேன். சீனி போடாமல் பாலில் காய்ச்சிக் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தார். "சினிமா போஸ்டர் ஒட்டுற பசைய எதுக்கு எனக்கு ஊத்துற?" என்றார். மறுநாள் உப்பும் பச்சை மிளகாயும் போட்டேன். பசைக்கு உறைப்பு வந்ததே தவிர வேறு ஒன்றும் ஆகவில்லை.

ரேஷன் கோதுமையைக் கல் பொறுக்கி, திருகையில் உடைத்து உப்புமா கிண்டினேன். தொண்டையில் நிற்கிறது என்றார். கேப்பைக் களி கிண்டினேன். "இதத் தின்னுப்புட்டு நான் என்ன மம்பட்டியா புடிக்கப் போறேன்?" என்று தட்டைத் தள்ளினார். சோளத்தைச் சோறாக வடித்தேன், வாடை அடிக்கிறது என்றார். நாளெல்லாம் பச்சைத் தோல் நடுவில் உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குச் சோளம் வாடை அடித்ததாம். அவர் தள்ளிவைத்ததை எல்லாம் நானே தின்றேன். அந்த வருஷம் என் உடம்புதான் நன்றாகத் தேறியது.

கடைசியாகக் கம்பு. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து சந்தைக்கு வந்த கம்பு நல்ல பருமனாக இருந்தது. தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, உமி நீக்கி, குருணையாக உடைத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். இந்த மனுஷர் எந்தக் கஞ்சியைத்தான் முகம் சுளிக்காமல் குடித்திருக்கிறார்? நோன்புக் கஞ்சியைத்தான். அதே பக்குவத்தில் இறங்கினேன். பாசிப்பருப்பு, வெந்தயம், நிறையப் பூண்டு, சின்ன வெங்காயம், இஞ்சி, ஒரு கை கொத்துக்கறி. அரிசிக்குப் பதில் கம்பு. தேங்காய்ப்பால் மட்டும் ஊற்றாமல், மல்லியும் புதினாவும் கிள்ளிப் போட்டு இறக்கினேன். தெருவே மணத்தது.

மாமியார் அடுப்படியில் வந்து நின்றார். "நோம்பு இல்லாத நாள்ல நோம்புக் கஞ்சியா? என்னம்மா கூத்து இது?"

"ஒங்க மகனுக்கு மருந்து மாமி. நீங்க வேற பேரு வச்சுக்கங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் குடித்தார். கிண்ணத்தை நீட்டினார். "இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை நாள் விடியற்காலையில் அடுப்பில் வெந்திருக்கிறேன்! அடுப்படிக்கு வந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். அடுத்த முறை டாக்டரிடம் போனபோது குழாயில் நிறம் பச்சையோடு நின்றது. புண்ணின் ஓரம் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. ஒருநாள் ஆம்பூர் வியாபாரி ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். அவருக்கு இடியாப்பம் வைத்தோம். இவர் எதிரே உட்கார்ந்து கஞ்சியைக் குடித்தார்.

"என்ன பாய், கம்பங்கஞ்சியா?"

"சும்மா. வாய்க்கு நல்லாருக்கு" என்றார் இவர்.

சந்தை கூடுவதற்குள் பேச்சு கடைவீதி முழுக்கப் பரவிவிட்டது. மண்டிக்காரர் வீட்டில் கஞ்சி காய்ச்சுகிறார்கள், கை ஓய்ந்துவிட்டது போல, வந்தவருக்கு மட்டும் பலகாரம் வைத்துச் சமாளிக்கிறார்கள் என்று. நத்தத்திலிருந்தும் வத்தலக்குண்டிலிருந்தும் எங்களுக்குத் தோல் கொண்டுவருகிறவர்கள் அடுத்த மண்டியில் வண்டியை அவிழ்த்தார்கள்.

"வியாதின்னு சொல்லிர வேண்டியதுதானே? அதுல என்ன வெக்கம்?" என்று கேட்டேன்.

"கூறு கெட்டவளே, நொடிச்சுப் போனவன்கிட்டயாவது இரக்கப்பட்டு வருவான். சீக்காளி மண்டிக்கு எவன் வருவான்? இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கிறவன நம்பி எவன் சரக்கு எறக்குவான்?" என்றார்.

மறுநாளிலிருந்து முன்கதவை அகலத் திறந்து வைக்கச் சொன்னார். விருந்தாளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெருவில் போகிறவன் கண்ணில் படும்படி உட்கார்ந்து, இடியாப்பத்தைப் பிசைந்து, சீனியைத் தன் கையாலேயே அள்ளித் தூவிக்கொண்டார். அதற்கு முன்னால் அடுப்படிக்கு வந்து, நின்றபடியே என் கஞ்சியைக் குடித்துவிட்டுப் போவார். "கஞ்சியத்தான் குடிச்சிட்டேன்ல? அது இத அடிச்சிரும்" என்பார். ஏதோ ரெண்டு கணக்கை நேர் செய்கிற மாதிரி! நான் உயிரைக் கொடுத்துக் கண்டுபிடித்த பக்குவத்தை அவர் சீனி தின்பதற்கு அனுமதிச் சீட்டாக ஆக்கிக்கொண்டார்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "மண்டிக்கு வாரவுங்க ஒங்களுக்குக் காலு குடுப்பாங்களா?"

"மண்டி இல்லாட்டி இந்தக் கால வச்சுக்கிட்டு நான் எங்க நடக்கப் போறேன்?" என்றார்.

தோல் வண்டிகள் திரும்பி வந்தன. மாமியார், இப்போதுதான் வீடு வீடாக இருக்கிறது என்றார். எனக்கு அந்த முன்கதவைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

புண் மறுபடி நீர் கட்டியது, பிறகு கறுத்தது. நாற்றம் வந்திருக்கத்தான் வேண்டும். தோல் மண்டி வீட்டில் ஒரு நாற்றம் தனியாக யாருக்குத் தெரியும்? ஒருநாள் அவர் காலைத் துடைத்துவிடக் குனிந்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அங்கே காலையில் வார்டுப் பணியாள் வாளியில் கோதுமைக் கஞ்சி கொண்டுவந்து அலுமினிய டம்ளரில் ஊற்றுவார். உப்பு கிடையாது, ஒரு வெங்காயத் துண்டு கிடையாது. என் வீட்டுக்காரர் அதை மடமடவென்று குடித்துவிட்டு, டம்ளரின் அடியை விரலால் வழித்தார்.

"இது நல்லாத்தானே இருக்கு. இந்த மாதிரி ஒண்ணு நீ ஏன் வீட்டுல பண்ணித் தரல?" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே கேட்டார். வார்டைச் சுற்றிப் பார்த்தேன். வரிசையாகக் கட்டில்கள், எல்லாம் முகம் தெரியாத ஆட்கள், திண்டுக்கல்காரர் ஒருத்தர்கூட இல்லை.

"பாக்குறதுக்கு ஆள் இல்லாத எடத்துல எதுவும் நல்லாத்தாங்க இருக்கும்" என்றேன்.

அவர் போர்வையை இழுத்துக் கால் இருந்த இடத்தை மூடினார். பிறகு என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, குரலைத் தாழ்த்தினார். "ஊர்ல கேட்டா லாரி ஏறிருச்சுன்னு சொல்லிரு. வேற ஒண்ணும் சொல்லாத" என்றார்.

சொன்னேன். ஊருக்குத் திரும்பிய பிறகு பார்க்க வந்த எல்லோரிடமும் அதையேதான் சொன்னேன். மண்டிக்காரர்கள் உச்சுக் கொட்டினார்கள். பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, இல்லாத அந்த லாரிக்காரனை மனசாரத் திட்டினார்கள். நாசமாய்ப் போவான், கண் தெரியாதவன், ஒரு குடும்பத்தையே முடக்கிவிட்டான் என்று. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். யாரையாவது வாய்விட்டுத் திட்டவேண்டியிருந்தது எனக்கு.