யன்னலால் வந்த கல்

ஜெர்மனியில், லைப்சிக் நகரத்து வியட்நாம் சாப்பாட்டுக் கடையொன்றில் நான் சமையலுக்கு நின்றேன். கடைக்காரி வியட்நாம் பெண்; எங்கள் பேச்சு அரைகுறை ஜெர்மனில் என்றாலும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மத்தியானத்தில் அங்கே எல்லோரும் கேட்பது கொம் தம். ஆலையில் உடைந்த குறுணலை அவித்து, மேலே சுட்ட பன்றியிறைச்சி வைப்போம். எங்கள் ஊரில் கோழிக்குப் போடுகிற குறுணல், அவர்களுக்கு அன்றாடச் சோறு.

ஒரு நாள் பட்டப்பகலில் யன்னலை உடைத்துக்கொண்டு கல் வந்து விழுந்தது. "வெளிநாட்டு நாய்களே, ஓடுங்கடா!" என்று கத்தியவர்கள்தான் ஓடினார்கள். திறந்திருந்த குறுணல் மூட்டை நிறையக் கண்ணாடி. கழுவி அரித்தால் கண்ணாடி அடியில் தங்கும் என்று நான் சட்டியை எடுத்தேன். அக்கா அதைத் தட்டிவிட்டார்.

"ரெண்டும் ஒரே நிறம். கொட்டு."

பொலிஸ் வந்து படம் பிடித்தது. கல்லை எங்களிடமே விட்டுப்போனது.

மறுநாள் எதிர்வீட்டு ஜெர்மன்காரர் மனம் பொறுக்காமல் ஒரு பை பாஸ்மதி கொண்டுவந்தார். ஒரு மணிகூட உடையாத அரிசி. அக்கா நன்றி சொல்லி வாங்கினார். பிறகு அதில் பாதியைத் துணியில் முடிந்து, அந்தக் கல்லையே கழுவியெடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு இடித்தார். விரல் தோல் உரிந்தும் நிறுத்தவில்லை.

"காணும் அக்கா. மிச்சத்தை நான் இடிக்கிறன்."

மிச்ச அரிசியை வேறு துணியில் முடிந்து, கல்லை வாங்கி ஓங்கினேன். கை ஓயும்வரை இடித்தேன்.

அக்கா இரண்டு முடிச்சையும் அவிழ்த்தார். அவர் இடித்தது அளவான குறுணல். நான் இடித்தது மா.

"நான் சோத்துக்கு இடிச்சனான்," என்றார். "நீ ஆரின்ர மண்டையில இடிச்சனீ?"