கிளெனிஸ் வாசித்த பதினான்காவது வரி

"மந்தைக்கே போட்டுத் தொலைச்சிட்டியா?" என்றுதான் கிளெனிஸ் தொலைபேசியில் பேச்சைத் தொடங்குவாள்.

கிப்ஸ்லாந்து என்ற பால்பண்ணை வட்டாரத்தில் எங்கள் ஆறு பேர் கம்பெனி, மாட்டுக் கழுத்துப் பட்டைக்கு மென்பொருள் செய்கிறது. நேரமானால் பட்டை அதிரும், படல் தானே திறக்கும், மாடுகள் கறவைக் கொட்டகைக்கு நடக்கும். இன்னும் தேறாத சோதனைப் பதிப்பை எந்தப் பண்ணைக்காரர் இறக்கினாலும், எங்களில் அதைச் சோதிக்கும் கிளெனிஸின் கைபேசி சிணுங்கும். உடனே அழைத்து, எச்சரிக்கையின் பதினெட்டு வரியையும் மூச்சுவிடாமல் வாசிப்பாள்.

"இது இன்னும் வேகலப்பா, உள்ள மாவா இருக்கு. ரெண்டு மாட்டுக்குப் போட்டுப் பாரு, போதும்."

"நாங்க பாத்துக்கறோம், கிளென்."

எல்லாரும் இதையேதான் சொல்வார்கள். பக்கத்துப் பண்ணைக்காரனுக்கு முன்னால் தனக்கு வர வேண்டும், அவ்வளவுதான். ஒருமுறை எச்சரிக்கையைச் சிவப்பில் போட்டாள், இறக்கியவர்கள் இரட்டிப்பானார்கள். பாவம், தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெக் ஒருத்தனாவது என் பேச்சைக் கேக்கறான்" என்று கணவனைப் பற்றிப் பெருமை வேறு. ரெக்கின் பண்ணை ஊர்க் கால்பந்து மைதானத்தை ஒட்டியது. மைதானத்தில் சைரன் அடிப்பவளும் கிளெனிஸ்தான்.

போன சனிக்கிழமை அங்கே இறுதி ஆட்டம். இருபத்தாறு வருஷமாக நாங்கள் கோப்பையைக் கண்ணால் கண்டதில்லை. ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். இரண்டு நிமிடம் பாக்கி. அவள் கைபேசி சிணுங்கியது: இறக்கியவர் ரெக், நூற்றெண்பது மாட்டுக்கு.

உடனே அவனை அழைத்தாள். "யோவ், கழட்டுய்யா அதை! பதினாலாவது வரியைப் படிச்சியா?"

"அடுத்த ஊர்ப் பண்ணை டெஸ் நேத்தே போட்டுட்டான், கிளென். நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

நேரம் முடிந்தது. சைரன் அடித்தால்தான் ஆட்டம் நிற்கும். எதிரணிக்காரன் பந்தோடு எங்கள் கோலை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தான். கிளெனிஸோ ஒலிபெருக்கியை இழுத்து வாசித்தாள்: "வரி பதினாலு. சைரன் சத்தத்தைக் கறவை மணின்னு பட்டை எடுத்துக்கும். மாடு மொத்தமும் சத்தம் வந்த இடத்துக்கே வரும். எல்லாருக்கும் கேட்டுதா?"

ஒருவரும் திரும்பவில்லை. "அடி, கிளென், அடி!" என்று மைதானமே கத்தியது. "நாங்க பாத்துக்கறோம்!"

கிளெனிஸ் தன் தேநீர்க் கோப்பையை என் கையில் கொடுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பொத்தானை அழுத்தினாள்.