அட்டைப்பெட்டியில் இருந்த குட்டி

கடவுளை நம்புகிறவன் பரிணாமத்தையும் நம்பலாமா என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு வாய் நிற்காது. செஞ்சியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். சனிக்கிழமை தவறாமல் ஆஞ்சநேயருக்கு விளக்கும் ஏற்றுகிறேன். இரண்டும் எனக்குள் சண்டை போட்டதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. உண்டு என்ன, இருந்தது.

போன பங்குனியில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரில் கரண்ட் அடித்து ஒரு தாய்க்குரங்கு விழுந்து செத்தது. கோட்டையிலிருந்து தினமும் கும்பலாக இறங்கி வருகிறவற்றில் ஒன்று. அதன் வயிற்றைக் கட்டிப் பிடித்திருந்த குட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஊரில் குரங்கு செத்தால் சாமி செத்த மாதிரி. மாலை, மஞ்சள், மேளம், பாடை எல்லாம் வந்துவிட்டன. குட்டியைப் பிரித்து ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு, வாழைப்பழத்தை உரித்து வைத்தார்கள். அது இன்னும் பால் குடிக்கிற குட்டி.

முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தியவன் என் மனைவியின் தம்பி. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"சாமி சாமின்னு ஏன்டா மச்சான் கத்துற? இது நம்ம பங்காளி. அதுக்கும் நமக்கும் பாட்டன் ஒருத்தன்தான்" என்றேன்.

"பங்காளின்னா மொட்ட போட்டுக்கினு கொள்ளி வைங்க மாமா, யாரு வாணான்னது?" என்றான்.

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. விடுவேனா? பரிணாமமே கடவுள் போட்ட பாதைதான் என்று ஆரம்பித்து, வகுப்பில்கூட நடத்தாத அளவுக்கு நடத்தினேன். அவனும் விடவில்லை. நின்றவர்கள் ஆளுக்கொரு கட்சி சேர்ந்தார்கள்.

மற்ற குரங்குகள் எதிர்வீட்டு மாடிச்சுவரில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தன. குட்டி வெயிலில் பெட்டிக்குள்ளிருந்து பதில் குரல் கொடுத்தது. அது எதற்கென்று எனக்குத் தெரியும். மேளம் நின்று கூட்டம் விலகியிருந்தால், ஏதாவது ஒரு பெண்குரங்கு இறங்கி வந்து குட்டியை வாரிக்கொண்டு போயிருக்கும். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கப்பா" என்று சொல்லியிருந்தால் போதும். தொண்டை கட்டுகிற அளவுக்குப் பேசியவனுக்கு அது மட்டும் வாயில் வரவில்லை. சரவெடி கொளுத்தினார்கள். சுவர் காலியானது.

அடக்கம் முடிந்து வந்து பார்த்தபோது குட்டி விறைத்துக் கிடந்தது. பழம் அப்படியே இருந்தது. மச்சான் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. மண்ணை மறுபடி தோண்டித் தாயின் பக்கத்திலேயே வைத்தோம்.

வீட்டுக்கு வந்து, சாவு வீட்டுக்குப் போய்வந்தவன்போல் கொல்லைக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டேன். மனைவி துண்டு கொண்டுவந்தாள்.

"தெருமுனை வரைக்கும் உங்க ரெண்டு பேரு குரல்தான் கேட்டுது" என்றாள். பிறகு, "குட்டி ஒன்னு இருந்துச்சாமே, அது இன்னா ஆச்சு?" என்றாள்.

அத்தனை பேர் கூடியிருந்த தெருவில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. தலை துவட்டுகிற சாக்கில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.