பெரகல சந்தியில் ஒரு சிலுவை அடையாளம்

பதுளை பஸ்ஸுக்காக நிற்கிறேன். சந்தியோரம் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் அந்தோனியார் முன்னால் ஓர் இளைஞர் சிலுவை அடையாளம் போட்டுப் பழகுகிறார். நெற்றிக்குப் போனதுமே மூன்று விரல்களும் தாமாகத் திருநீறு பூசிவிடுகின்றன. யாரும் கேட்காமலே திருத்துகிறேன்.

"பூசக் கூடாது தம்பி, தொடணும். நெத்தியில பிதா, நெஞ்சில சுதன், இடது தோள்ல இருந்து வலது தோளுக்குப் பரிசுத்த ஆவி."

அடுத்த வாரம் அவருக்கு மாதா கோயிலில் கல்யாணம். பெண் கத்தோலிக்கர், இவர் இந்து. ஆயர் அனுமதி கொடுத்துவிட்டால் இவர் சிலுவை போட வேண்டிய கட்டாயமே இல்லை என்று சட்டத்தையும் சொல்லிவைக்கிறேன்.

"ஃபாதரும் அதத்தாங்க சொன்னாரு. மாமனாருக்கு யாருங்க சொல்றது?"

மாமனார் எதிர்க்கடையில் பிளேன்டீ குடிக்கிறார். பெண்ணைக் கொடுக்க அவருக்கு இன்னும் முழு மனது இல்லையாம்.

பஸ் வருகிறது. மாமனார் சாலையைக் கடந்து வந்து சிலை முன்னால் சிலுவை போடுகிறார். இளைஞரும் போடுகிறார். நெற்றி, நெஞ்சு, இடது, வலது, எதிலும் பிசகில்லை. அதே வேகத்தில், பிள்ளையார் முன்னால் செய்வதுபோல, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொள்கிறார்.

மாமனார் அந்தக் கன்னங்களைச் சற்று நேரம் பார்க்கிறார்.

"பாதி வந்துட்டீங்க மாப்ள," என்கிறார். "ஏறுங்க."