பிரெஞ்சு என்றால் பின்னல் இல்லை

1. சம்பத் சொன்ன ‘சரி’

“மேடம், பிரெஞ்சுன்னா பின்னல்தானே?”

போனில் ஓர் ஆண் குரல். லேடீஸ் பார்லருக்கு ஆண்கள் போன் செய்தால் வழக்கமாக இரண்டே காரணம்தான் இருக்கும். மனைவி கிளம்பிவிட்டாளா என்று கேட்பார்கள், அல்லது தங்கை கல்யாண மேக்கப்புக்கு நாள் கேட்பார்கள். இவருடைய கேள்வி புதிதாக இருந்தது.

“பின்னலும் இருக்குங்க சார், குட்டையா வெட்டற பாபும் இருக்கு. நீங்க எதைக் கேக்கறீங்க?” என்றேன்.

“எங்காத்துக்காரி காலையில பிரெஞ்சு பண்ணிக்கப் போறேன்னா. நானும் சரின்னுட்டேன். இப்ப வந்து நிக்கறா. பின்னலும் இல்லை, பின்னறதுக்கும் ஒண்ணும் இல்லை!”

எனக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அது தொழிலுக்கு ஆகாத குணம் என்று என் மருமகள் சொல்வாள். போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்து முடித்தேன்.

நான் ஜமீலா. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பல காலமாகப் பார்லர் நடத்தினேன். இப்போது கத்தரியை மருமகளிடம் கொடுத்துவிட்டேன். என் முடியை முக்காட்டுக்குள் வைத்துக்கொண்டு ஊர் முடியை வெட்டியவள் நான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பெண்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அழகாக இருக்க வேண்டும் என்று எந்தப் பெண்ணும் பார்லருக்கு வருவதில்லை. முடி கொட்டுகிறது என்று வருவாள். போர்வெல் தண்ணீர் சரியில்லை என்பாள். தைராய்டு, சைனஸ், தலைபாரம், கழுத்து வலி என்று ஒரு கிளினிக்கே வந்து உட்காரும். ஐபுரோ செய்ய வருகிறவள்கூட “கண்ணுல முடி விழுதுக்கா” என்பாள். புருவ முடி எப்படிக் கண்ணில் விழும் என்று நான் கேட்டதில்லை. அதிலும் ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சிலர் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிக் காவிரிக்கு இந்தப் பக்கம் வந்துதான் செய்துகொள்வார்கள். பாலத்தைத் தாண்டிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கை. எதிர் சீட்டில் அடுத்த வீட்டு மாமியும் அதே நம்பிக்கையோடு உட்கார்ந்திருப்பாள்.

அந்தப் போன் வந்த அன்று காலை வந்த வைதேகியும் ஸ்ரீரங்கம்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பதைத் தாண்டியவள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். தாடை அளவுக்கு வெட்டி, நெற்றியில் முன்முடி விழுகிற பிரெஞ்சு பாப்.

நான் வழக்கப்படி கேட்டேன். “முடி கொட்டுதா?”

“இல்லைக்கா.”

“கழுத்து வலியா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்லை.”

“அப்ப கேன்சர் வந்தவங்களுக்கு விக் செய்யக் குடுக்கறீங்களா? அப்படி நிறையப் பேர் வராங்க.”

“குடுக்கலாம், நல்ல காரியம். ஆனா அதுக்காக நான் வெட்டிக்கலை. எனக்கு ஆசையா இருக்கு. அவ்வளவுதான்.”

எனக்கு அந்தப் பதில் பிடிபடவில்லை. சீப்பைப் பிடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். வைதேகிக்கு அலையலையான முடி. ஈரத்தில் தாடைக்கு வெட்டினால் காய்ந்ததும் கன்னத்துக்கு ஏறிவிடும். அதனால் ஒரு விரல் கூடுதலாக விட்டு வெட்டி, டிரையர் காற்றில் காயவைத்தபிறகு சரிபார்த்தேன். கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நன்றாகத்தான் இருந்தாள். சும்மா சொல்லவில்லை, படத்தில் இருந்தவளை விட நன்றாக இருந்தாள்.

சாயங்காலம்தான் அவள் கணவர் சம்பத்தின் போன் வந்தது. கல்யாண வீடுகளில் பிரெஞ்சுப் பின்னலைத்தான் அவர் பார்த்திருக்கிறார். அதை நினைத்துச் சரி சொல்லியிருக்கிறார். வைதேகியும் தெரிந்தேதான் மிச்சத்தைச் சொல்லாமல் விட்டாளோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு. கணக்கு டீச்சர் அல்லவா.

2. பூமுடி

அந்த வீட்டில் அடுத்து என்ன நடந்தது என்பதை எனக்குச் சொன்னது பத்மா மாமி. வைதேகியின் அடுத்த வீடு. ஐபுரோவுக்கு வருகிறவள். நூல் புருவத்தில் ஓடும்போதும் அவள் வாய் ஓயாது.

வைதேகியின் மாமியார் கோமளம் மாமி அன்று முழுக்கச் சாப்பிடவில்லையாம். சுமங்கலித் தலையில் கத்தரி வைக்கலாமா என்று அழுகை. தெருவுக்கு அதைவிடப் பெரிய கவலை: வெள்ளிக்கிழமை பூவை எங்கே வைப்பாள்? பாபில் பூ நிற்குமா, கிளிப் போட்டால் நிற்குமா, ஒரு பக்கமாகச் செருகினால் டான்ஸ்காரி மாதிரி இருக்காதா என்று பெரிய ஆலோசனையே நடந்திருக்கிறது. தெருவில் தண்ணீர் வராத வாரம்கூட இப்படிக் கூடிப் பேசியிருக்க மாட்டார்கள்.

கடைசியில் கோமளம் மாமி ஒரு வழி கண்டுபிடித்தார். யார் கேட்டாலும், “பெருமாளுக்கு வேண்டிண்டிருந்தா. பூமுடி குடுத்தா” என்று சொல்லிவிட்டார்.

பூமுடி என்றால் பெண்கள் மொட்டை போடாமல் முடி நுனியில் மூன்று விரற்கடை கத்தரித்துச் சாமிக்குக் கொடுப்பது. அது எனக்கே தெரியும். பத்மா மாமிக்குத் தெரியாதா?

“மூணு விரல்கடைன்னா பூமுடி. இது பூந்தோட்டமே போயிருக்கே ஜமீலா!” என்றாள்.

சரி, தாராளமாகக் கொடுத்திருக்கிறாள் என்று தெரு ஏற்றுக்கொண்டது. ஆனால் தெருவுக்கும் மூளை இருக்கிறது. ஒரு சுமங்கலி இவ்வளவு முடியைக் கொடுக்கிறாள் என்றால் எதற்காகக் கொடுப்பாள்? சின்ன விஷயத்துக்கா? வீட்டுக்காரர் உயிருக்கு ஏதோ ஆபத்து. சொல்ல மாட்டேன் என்கிறார்கள், பாவம்.

அந்த வாரமே சம்பத்துக்கு இதயத்தில் அடைப்பு வந்துவிட்டது. அவருக்கு மட்டும் தெரியாது. தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. கோயிலில் பார்க்கிறவர்கள் தோளைத் தொட்டு, “எல்லாம் பெருமாள் பார்த்துப்பார்” என்றார்கள். ஆபீசில் அவரை மாடிப்படி ஏறவிடவில்லை. உறவுக்காரர் ஒருவர் சாத்துக்குடிப் பையோடு வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டுப் போனாராம். விசேஷத்துக்குப் போன இடத்தில் இலையில் வடை வைக்காமல் தாண்டிப்போயிருக்கிறார்கள்.

அவர் மறுபடியும் எனக்குப் போன் செய்தார்.

“மேடம், நீங்களாவது சொல்லுங்கோ. நான் நன்னாத்தானே இருக்கேன்?”

“நான் உங்களைப் பார்த்ததே இல்லையேங்க சார்” என்றேன்.

இதையெல்லாம் கேட்டு நான் சிரித்தேன். ஆனால் வைதேகியை நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. அவள் ஆசைப்பட்டுச் செய்த ஒரே காரியத்தை அவளிடமிருந்து பிடுங்கிப் பெருமாள் கணக்கில் எழுதிவிட்டார்கள். வேண்டுதல் என்றால் ஒருமுறைதான். கொடுத்தாகிவிட்டது, இனி வளர்க்க வேண்டும். பாப் அப்படி இல்லை. நீள முடியை மாதக்கணக்கில் மறந்துவிடலாம். பாபை ஒன்றரை மாதத்துக்குள் ட்ரிம் செய்யவில்லை என்றால் பிடரியில் வாத்து வால் முளைத்துவிடும். இந்தத் தலை மறுபடி என் நாற்காலிக்கு வருமா என்று எனக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

3. ட்ரிம்

வந்தாள். கூடவே கோமளம் மாமியும் வந்தார், காவலுக்கு.

அன்று உள் நாற்காலியில் யார் இருந்தது தெரியுமா? பத்மா மாமி. முகம் முழுக்கப் பேஸ் பேக், கண் மேல் வெள்ளரிக்காய். காய்கிற வரை பேசக்கூடாது, பேசினால் வெடிக்கும் என்று சொல்லி வைத்திருந்தேன். அது அவளுக்குப் பெரிய தண்டனை.

கோமளம் மாமி என்னிடம் தனியாகச் சொன்னார். “நுனியை மட்டும் ஒழுங்கு பண்ணிவிடும்மா. வளரட்டும். ஊர்ல எல்லாருக்கும் பதில் சொல்லி மாளலை.”

நான் வைதேகியின் கழுத்தைச் சுற்றிக் கேப் துணியைக் கட்டினேன். அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் குரலை வைத்தே ஆளைக் கண்டுகொண்ட பத்மா மாமி வெள்ளரிக்காயை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். பேஸ் பேக் வெடித்தால் வெடிக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

“ஏன் மாமி, மறுபடியுமா? ரெண்டாவது வேண்டுதலா?”

“இல்லைடி, அதே வேண்டுதல்தான்” என்றார் கோமளம் மாமி.

“ஐயோ! அப்ப சம்பத்துக்கு இன்னும் சரியாகலையா?”

கோமளம் மாமி முகம் வெளுத்துவிட்டது. வேண்டுதல் என்றால் மகன் நோயாளி. வேண்டுதல் இல்லை என்றால் மருமகள் ஆசைக்காரி. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

வைதேகி நாற்காலியோடு பத்மா மாமியைப் பார்த்துத் திரும்பினாள்.

“மாமி, வேண்டுதலே இல்லை. அவருக்கு ஒரு நோயும் இல்லை. எனக்கு ஆசையா இருந்துது, வெட்டிண்டேன். பிடிச்சிருக்கு, அதனால இன்னிக்கும் வெட்டிக்கறேன். எங்க மாமியார் என்னைக் காப்பாத்தறதா நினைச்சு அப்படிச் சொல்லிட்டா.”

குரல் நடுங்கியது. ஆனால் முழுதாகச் சொல்லி முடித்தாள்.

“ஆசையா?” என்றாள் பத்மா மாமி. இதய அடைப்பைவிட மோசமான வியாதியின் பெயரைக் கேட்டவள் போல இருந்தது அவள் பார்வை. அந்தப் பார்வையோடு கோமளம் மாமி பக்கம் திரும்பினாள். “என்ன மாமி இது?”

கோமளம் மாமி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார்.

“என்னடி என்ன? ஆசைதான். அவ தலை, அவ ஆசை. என் பிள்ளை கல்லு மாதிரி இருக்கான், அவனை யாரும் சாகடிக்க வேண்டாம். நீ பாலம் தாண்டி வந்து மூஞ்சியில இத்தனை மாவை அப்பிண்டு உக்காந்திருக்கியே, அது எந்தப் பெருமாளுக்கு வேண்டிண்டது?”

பத்மா மாமியின் பேஸ் பேக் கன்னத்தில் இரண்டாக வெடித்தது. அவள் மெதுவாகச் சாய்ந்து வெள்ளரிக்காயை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டாள்.

நான் வெட்டி முடித்து, கேப்பை உதறினேன். கோமளம் மாமி எழுந்து வந்து மருமகளின் பின்னால் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். பாராட்டவெல்லாம் இல்லை. பிடரியில் விரல் வைத்துச் சொன்னார்.

“இங்க ஒரு மயிர் நீட்டிண்டு நிக்கறது பாரு. வெட்டறதுன்னா ஒழுங்கா வெட்டு.”

வெட்டினேன். வைதேகி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் நாற்காலியில் உட்காருகிற யாரிடமும் முடி கொட்டுகிறதா, கழுத்து வலிக்கிறதா என்று கேட்டதில்லை. நாம் கேட்கப்போய்த்தான் அவர்கள் ஒரு வியாதியைத் தேட வேண்டியிருக்கிறது. புதிதாகக் கத்தரி பிடிக்கிற பெண்களே, வருகிறவளிடம் எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கேளுங்கள். எதற்கு என்று கேட்காதீர்கள். அதைக் கேட்க அவள் தெருவில் போதுமான ஆட்கள் இருக்கிறார்கள்.