மூன்றாம் படியில் மாட்டிய பெல்ட்

நான் வீரனே இல்லை. ஜப்பான்காரனின் மில்லிங் மெஷினை வேண்டுமென்றே அலற வைத்துக் கட்டரை உடைத்தவன் என்று எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்க என்னைப் பற்றிச் சொல்கிறார்களே... அது பொய்! எனக்கு அந்த மெஷினை ஒழுங்காக ஓட்டத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். நானும் இத்தனை வருடங்களாகத் தனியாகச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சில நாள் சிரிப்பு வருவதில்லை.

யுத்தத்தில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்ததும் நாங்கள் வேலை செய்த பட்டறையை எடுத்துக்கொண்டான். அவனுடைய லாரிகளுக்குப் பல்சக்கரம் வெட்டித் தர வேண்டும். வெட்டியது நானும் இபுராகிமும். ஒரே வயது, ஒரு மரவள்ளிக் கிழங்கைப் பாதியாகப் பிட்டுத் தின்கிற சினேகம். அரிசி இல்லை, துணி இல்லை, பயத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஆனாலும் சொல்கிறேன், நான் வயிறு வலிக்கச் சிரித்ததெல்லாம் அந்தப் பட்டறையில்தான்!

மில்லிங் மெஷினில் பல பற்கள் கொண்ட கட்டர் சுழலும். அதன் கீழே இரும்பு மெல்ல நகர்ந்து வர, ஒவ்வொரு பல்லும் ஒரு துணுக்கைக் கடித்தெடுக்கும். வேகம் பொருந்தினால் மெஷின் முணுமுணுப்பதோடு சரி. பொருந்தாவிட்டால் கட்டர் நடுங்கும்... அப்புறம் பட்டறையே நடுங்கும்! இரும்பின் மேல் அலை அலையாக வடு விழும். அப்போதும் நிறுத்தாவிட்டால் பல் உடையும்.

நடுங்குமா, நடுங்காதா என்பதை வெட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவான் இபுராகிம். கட்டர் மாட்டிய தண்டை மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டுவான். கண்ணை மூடி, இடது காதைக் கிட்டே கொண்டுபோய், ஓசை அடங்கும்வரை கேட்பான். பிறகு, படிக்கு ஒரு வேகமாக நான்கு படிகள் கொண்ட புல்லியில் ஒரு படியின் மேல் சாக்கட்டியால் கோடு கிழிப்பான். பெல்ட்டை அங்கே மாட்டினால் மெஷின் சமர்த்தாக ஓடும். ஒருநாளும் அவன் கணிப்புத் தவறியதில்லை!

எனக்குப் பொறாமையா? இருந்தது. நிறையவே இருந்தது.

அன்றைக்குக் கெட்டியான எஃகு. இபுராகிம் தட்டிப் பார்த்து இரண்டாம் படியில் கோடு போட்டுவிட்டு எண்ணெய் எடுக்கப் போனான். எனக்கோ அது கண்மண் தெரியாத வேகமாகப் பட்டது. மெதுவாகப் போனால் ஆபத்தில்லை என்று மாட்டுவண்டிக்காரனுக்கும் தெரியுமே! இவன் ஒரு தட்டுத் தட்டிக் கோடு போட்டுவிட்டால் மறுபேச்சே கூடாதா? பெல்ட்டை மெதுவான மூன்றாம் படிக்கு மாற்றினேன்.

மெஷின் அலறியது பாருங்கள்... ஐயோ! எதைத் திருகுவது, எதை நிறுத்துவது என்று கைகால் ஓடவில்லை. கட்டரின் இரண்டு பற்கள் பறந்து தகரக் கூரையில் மோதின. அந்த அளவில் இருந்த கடைசிக் கட்டர் அது. புதிது வர வேண்டுமென்றால் கப்பல் வர வேண்டும். கப்பலே வராத காலம்.

"பக்கேரோ! சியாப்பா?" யார் செய்தது என்று கத்திக்கொண்டே ஜப்பானிய மேற்பார்வையாளர் ஓடி வந்தார். வேண்டுமென்று கெடுத்தவன் என்று பிடித்துக்கொண்டு போனால் திரும்பி வருவதில்லை.

எண்ணெய்க் குவளையோடு வந்த இபுராகிம் பெல்ட்டைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு புல்லியைத் துடைப்பவன் போலக் கந்தல் துணியால் அந்தக் கோட்டை அழித்துவிட்டான்.

"சாயா சாலா கிரா, துவான்," என்றான். தப்பாகக் கணித்துவிட்டேன், ஐயா...

அறை மேல் அறை, எல்லாம் இடது கன்னத்தில். வேகம் கணிக்க வேறு ஆள் இல்லாததால் அறையோடு விட்டார்.

பின்கட்டுக் குழாயடியில் காதில் வழிந்த இரத்தத்தைக் கழுவிக்கொண்டே இபுராகிம் என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படியொரு பூரிப்பு!

"பாகுஸ்டா மாணிக்கம், பிரமாதம்டா! வேணும்னே மூணாம் படியில மாட்டுன பாரு... எனக்கு அந்தத் தைரியம் வரலடா! இனி அந்தச் சக்கரத்த எப்படி வெட்டுவானுங்க?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மெதுவா பேசுடா, யாராச்சும் கேட்டுடப் போறாங்க."

என் பொய் முழுவதும் அந்த ஒரு வாக்கியந்தான்.

ஜப்பான்காரன் போன பிறகு இபுராகிம் சும்மா இருந்தானா? ஜாலான் துக்காங் எமாஸ் தெருவின் டீக்கடைகளில் எல்லாம் என் வீரத்தைப் பறைசாற்றினான். கோயில் வாசலில் எனக்கு மாலை போட்டார்கள்! இரண்டு முறை எனக்குப் பெண் தர மறுத்தவர், மூன்றாம் முறை தாமே வீடு தேடி வந்தார். காமாட்சி என் மனைவியானாள். என்ன கலகலப்பான கல்யாணம்! என்ன நிறைவான வாழ்வு! எல்லாம் அந்த மூன்றாம் படியின் மேல்தான் நிற்கிறது.

இபுராகிமுக்கு இடது காது அதன் பிறகு கேட்கவே இல்லை. இப்போது தண்டைத் தட்டினால் வலது காதைக் கொடுத்துக் கேட்கிறான். "சரியா விழலடா, நீயே பாத்து கோடு போடு," என்கிறான். என்னிடம்... என்னிடம் சொல்கிறான்!

உண்மையைச் சொன்னால் அவனுக்கு என்ன மிஞ்சும்? நல்ல காரியத்துக்குப் போன காது என்று பெருமையாகத் தட்டிக் காட்டுகிறானே... ஒரு பொறாமைக்காரனின் அசட்டுத்தனத்துக்குப் போனது என்று எப்படிச் சொல்வேன்? இது இரக்கமா? கோழைத்தனமா?

போன தீபாவளிக்கு வழக்கம்போல் வந்தான். மெஷின் அலறிய அலறலை வாயாலேயே செய்து காட்ட, என் பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். காமாட்சி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தணிந்த குரலில், ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

"எனக்கு ஓட்டத் தெரியலடா. பொறாமையிலதான் பெல்ட்ட மாத்துனேன். நீ வாங்குன அடி வீண்டா."

அவன் திரும்பினான். "என்னடா முணுமுணுக்கிற? இந்தப் பக்கம் வந்து சொல்லு," என்று வலது காதைத் தொட்டுக் காட்டினான்.

"இன்னும் ரெண்டு முறுக்கு எடுத்துக்கன்னு சொன்னேன்," என்றேன்.

சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டான்.

எந்தப் பக்கம் உட்கார்கிறேன் என்று உட்காரும்போதே எனக்குத் தெரியும்.